இடது கை அகப்பை

மாதா கோயில் மண்டபத்தில் மேசை விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தமிழ்ப் பூசை முடிந்து சனம் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. ஒரு பக்கம் பிரியாணி அண்டா, ஒரு பக்கம் பச்சையும் ரோஜா நிறமுமாகக் குவே பலகாரம், இன்னொரு பக்கம் யாரோ மும்முரமாக வடை பொரிக்கும் வாசனை. எங்கள் பங்கின் உணவுச் சந்தை அன்றைக்கு.

நடுவில் என் மேசை. அதில் சாப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. என் கணவர் அந்தோணி தன் கையால் செதுக்கிய மர அகப்பைகள், துடுப்புகள், ஒரு மத்து, அப்புறம் என்னவென்று செய்தவருக்கே உறுதியாகத் தெரியாத சில பொருள்கள்.

மேசைக்கு நடுவே வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் ஓர் அகப்பையை மட்டும் தனியாகப் படுக்க வைத்திருந்தேன். பக்கத்தில் என் மகள் ஜெனி எழுதிக்கொடுத்த அட்டை: ‘விற்பனைக்கு அல்ல’.

ஒரு பொருளின் மேல் ஊரார் கண் விழ வேண்டுமானால் இதைவிட நல்ல வாசகம் கிடையாது.

“என்ன மெர்சி, இதுக்கு மட்டும் மெத்தை போட்டு வெச்சிருக்கே?” என்றார் ரோஸ்லின் அக்கா. எங்கள் பாடகர் குழுவின் தலைவி. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல்.

சொன்னேன். காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் கதை மெருகேறியிருந்தது. நான் இடது கைக்காரி. கடையில் கிடைக்கும் எந்த மரக்கரண்டியும் என் கைக்குச் சரியாக அமைந்ததில்லை. இவர் ஒரு வார்த்தை பேசாமல், என்னிடம் கேட்காமல், என் கையைப் பார்த்து வைத்திருந்து, நுனியை இடப்பக்கம் சாய்த்து எனக்கென்றே ஓர் அகப்பை செதுக்கித் தந்தார்.

ரோஸ்லின் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “எங்க வீட்டுக்காரருக்கு நான் கண்ணாடி போட்டிருக்கேன்னாவது தெரியுமான்னு சந்தேகம்லா!”

அந்த நேரம் பார்த்து இவர் இரண்டு கையிலும் தே தாரிக் தேநீர்க் கோப்பைகளோடு வந்தார்.

“அந்தோணி! இங்க வாப்பா. உன் பொண்டாட்டி கையைப் பார்த்துப் பார்த்து இதைச் செஞ்சியாமே?”

இவர் அகப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அந்த வாய் திறப்பதற்குள் நான் சிலதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

மரத்தோடு பேசிய மனிதர்

இந்தத் தொடரில் இதுவரை என் கணவரைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. பெருந்தன்மை என்று நினைத்தவர்கள் இந்த வாரம் ஏமாறப் போகிறார்கள். எழுத ஒன்றுமில்லை, அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போவார், மாலையில் வருவார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், தூங்குவார். கெட்ட பழக்கம் கிடையாது. நல்ல பழக்கம் என்று தனியாகச் சொல்லவும் எதுவும் கிடையாது.

சரக்குக் கப்பல் பெட்டிகளை எங்கே இறக்குவது, எங்கே ஏற்றுவது என்று திட்டமிடும் கம்பெனியில் இருந்தார். திருமணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. சில வருடங்களுக்கு முன் அங்கே ஆட்குறைப்பு நடந்தது. பிரிவுபசார விருந்தில் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். இனி நேரம் பார்க்கத் தேவையில்லாத மனிதருக்குக் கடிகாரம் கொடுக்கிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ!

அதற்கப்புறம் பொங்கோலில் எங்கள் வீட்டுச் சோபாவுக்கு அவருடைய உருவம் அச்சானது. பார்க்கிறவர்கள் எல்லாம் யோசனை சொன்னார்கள். டாக்ஸி ஓட்டு, வகுப்பில் சேர், மீன் வளர், நட. இவர் எல்லோருக்கும் “பார்க்கலாம்” என்றார். நான் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய், மற்றவர்கள் பல்வலியைக் கேட்டுவிட்டு வந்தால், வீட்டில் இவர் நான் விட்டுப்போன இடத்திலேயே இருப்பார். ஒரு நாள் குஷனைத் தட்டிப் போடுகிறேன் என்று அவரையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

ஜெனிதான் சமூக மன்றத்தில் மரக்கரண்டி செதுக்கும் வார இறுதி வகுப்பில் அவர் பெயரைப் பதிந்தாள். “ப்பா, ஜஸ்ட் ட்ரை லா. பிடிக்கலன்னா வந்துடுங்க.”

சொல்லிக்கொடுத்தவர் தோளில் பச்சை குத்திய ஓர் இளம் சீனப் பெண். முதல் நாள் முதல் பாடமாக, மரத்தைக் கையில் பிடித்துக் கண்ணை மூடி அதோடு பேசச் சொன்னாராம். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டும் என்பதைக்கூடக் கையால் காட்டுகிற மனிதர், அன்று முதல் மரத்தோடு பேச ஆரம்பித்தார்.

சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டார். சின்னக் கோடாரி, உளி, அரம், முனை வளைந்த ஒரு கத்தி, கட்டுக் கட்டாக உப்புத்தாள். உட்லண்ட்ஸ் பக்கம் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடமிருந்து மூட்டையில் துண்டு மரங்கள் வந்தன. காயப்போட்ட துணியிலெல்லாம் மரத்தூள். நான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையில் தேக்கு வாசனை வர, நோயாளி ஒருவர், “சிஸ்டர், என்ன பெர்ஃப்யூம்?” என்று கேட்டார்.

முதலில் வந்த கரண்டி மனிதக் காதைப் போலிருந்தது. அடுத்தது அந்தக் காதுக்கு ஜோடி. அதற்கப்புறம் மெல்ல மெல்லக் கரண்டி என்று சொல்லத்தக்கவை வந்தன. சோபாவில் அச்சு மறைந்தது. அதற்காக நான் எத்தனை துணியை வேண்டுமானாலும் இரண்டு தடவை துவைக்கத் தயாராக இருந்தேன்.

மரத்தின் மகிமை

மரக்கரண்டிக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது, கவனித்தீர்களா? சட்டியைக் கீறாது, சத்தம் போடாது, சூடேறாது. மஞ்சளும் மிளகாயும் ஏறி, வருடம் போகப் போக நிறம் முதிரும். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மகிமையை எனக்கு எடுத்துச் சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பே மூட்டாதவர்கள். வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டுவார்கள். ஜெனியின் தோழி ஒருத்தி நாலு கரண்டியை ஜாடியில் பூப்போல நிறுத்திப் படமெடுத்துப் போட்டாள். அவள் வீட்டில் தினமும் டெலிவரி சாப்பாடு.

என் கணவரும் புதிதாக மதம் மாறிய கிறிஸ்தவர் மாதிரி ஆகிவிட்டார். தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனால், பாத்திரக் கடை ஒவ்வொன்றிலும் நிற்பார். துடைப்பத்துக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டித் தொங்கும் மரக்கரண்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். “மெஷின்ல செஞ்சது,” என்பார். “இழையோட்டமே பார்க்கல.”

“அண்ணே, வாங்குறீங்களா, ஆராய்ச்சி பண்றீங்களா?” என்றார் கடைக்காரர் ஒரு நாள்.

“சும்மா பார்க்குறேன்.”

“சும்மா பார்க்கிறதுக்கு மியூசியம் இருக்குண்ணே, எம்ஆர்டில போனா ரெண்டு ஸ்டாப்பு.”

பையில் பாறை மீனுக்குப் போட்ட ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஆனாலும் இழுத்துக்கொண்டு வர எனக்கு மனமில்லை. இவர் ஒரு பொருளின் மேல் கோபப்பட்டே பல மாதமாகியிருந்தது.

பீச்சாங்கை

இப்போது என் கைக்கு வருகிறேன்.

பிறவியிலேயே நான் இடது கைக்காரி. பள்ளியில் ஓர் ஆசிரியை அடிமட்டத்தால் என் இடது விரல்களைத் தட்டித் தட்டி வலது கையால் எழுதப் பழக்கினார். சாப்பாடு வலது கையால் என்பதை அம்மா அதற்கு முன்பே முடித்துவிட்டார். கோயிலில் கேட்ட தீர்ப்பு நாள் பிரசங்கத்திலும் செம்மறிகளுக்கு வலப்பக்கம், வெள்ளாடுகளுக்கு இடப்பக்கம். வெள்ளாடு பற்றி அப்போதிருந்தே எனக்கு ஓர் அனுதாபம்.

ஆனால் அடுப்படியில் மட்டும் என் கை என் பேச்சைக் கேட்காது. கத்தியும் கரண்டியும் தானாக இடது கைக்குப் போய்விடும்.

கல்யாணமான புதிதில் மாமியாரோடு இருந்தோம். முதல் வாரமே பார்த்துவிட்டார். “ஏம்மா, சோத்தைக் கிண்டுறதும் பீச்சாங்கை, மத்ததுக்கும் பீச்சாங்கையா?” என்றார். நல்ல மனுஷி. இப்போதும் நன்றாக இருக்கிறார், நாத்தனார் வீட்டில். அன்றைக்குக் கேட்டது கோபத்தில்கூட இல்லை, உண்மையான சுகாதாரக் கவலை.

அன்றிலிருந்து மாமியார் நிற்கும்போது வலது கையால் கிண்டுவேன். டிவியில் தொடர் ஆரம்பித்ததும் கரண்டி கை மாறும். விளம்பரம் வந்ததும் திரும்பவும் மாறும். அந்த வீட்டில் நான் வைத்த குழம்புக்கெல்லாம் இரண்டு கைப்பக்குவம்.

தனிக் குடித்தனம் வந்த பிறகு இந்தக் கூத்து தேவைப்படவில்லை. என் அடுப்படிக்குள் யாரும் வரமாட்டார்கள். இவர் வந்தால் குளிர்சாதனப் பெட்டிவரை வருவார், தண்ணீர் எடுப்பார், போவார். வருடக்கணக்காக என் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்.

ஒரு சின்ன விளக்கம். வதக்குவதற்கென்று செய்யும் மரக்கரண்டியின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வலது கையால் பிடித்தால் அந்தச் சாய்வு சட்டியின் அடியோடு முழுதாகப் படியும். இடது கையால் பிடித்தால் ஒரே ஒரு மூலைதான் படும். முகப்பில் குழிவு வேறு இருப்பதால் திருப்பிப் பிடிக்கவும் முடியாது. ஒரு மூலையாலேயே வாழ்நாள் முழுக்கச் சுரண்டிச் சமைத்தவள் நான். இதில் குறை இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நெத்திலி சம்பல்

அன்றைக்கு வேலை முடிந்து வந்து நெத்திலி சம்பல் செய்துகொண்டிருந்தேன். அரைத்த மிளகாய் எண்ணெய் பிரியும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அடியில் பிடித்துவிடும். என் வழக்கமான கரண்டி தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. சலவை இயந்திரத்தின் மூடிமேல், மரச்சுருள்களுக்கு நடுவே, புதிதாக ஓர் அகப்பை கிடந்தது. எடுத்துக் கழுவினேன். சட்டியில் வைத்தேன்.

வழுக்கிக்கொண்டு போனது.

நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவே போனது. நுனி முழுதும் அடியோடு படிந்து, மிளகாய் விழுதை ஒரே வீச்சில் மறுகரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடியில் சட்டி பளிச்சென்று தெரிந்தது. திரும்ப ஒரு தடவை. திரும்பவும். சத்தமே இல்லை, கொதிக்கிற எண்ணெயின் சத்தத்தைத் தவிர. மணிக்கட்டில் வலி இல்லை. சமைக்கும்போது மணிக்கட்டு வலிக்கும் என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது.

அகப்பையைத் தூக்கிப் பார்த்தேன். சாய்வு மற்றதற்கெல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தது.

மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைவிட நாகரிகமான காரணம் கிடைக்கவில்லை. பள்ளியில் பார்த்தவர் அடித்தார். மாமியார் பார்த்துத் திருத்தினார். ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல், அந்தக் கைக்கு ஏற்றபடி மரத்தைச் சாய்த்திருக்கிறார்!

இவர் தண்ணீர் எடுக்க வந்தார்.

“ஏங்க, இது யாருக்குச் செஞ்சீங்க?”

கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “உனக்குத்தான், எடுத்துக்கோ,” என்றார்.

இதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன சாட்சியம் வேண்டும்? அதற்குமேல் நான் கேட்கவுமில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். சட்டியில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்காமலேயே எனக்கு அகப்பை நிறைய வந்துவிட்டது.

அடுத்த சில வாரங்கள் நான் அசடாக இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். அவருக்குப் பிடித்த மீன் தலைக் கறி அடிக்கடி வைத்தேன். அந்த அகப்பைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் காயவைத்தேன். அலுவலகத்தில், பேருந்தில், பங்கில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். உணவுச் சந்தையில் இவர் கைவேலைக்கு ஒரு மேசை கேட்டு வாங்கியதும் நான்தான்.

அரை விலை

இப்போது அவர் வாயைத் திறக்கலாம்.

“எது? இதுவா?” என்றார், தே தாரிக்கை மேசையில் வைத்துவிட்டு. “ஐயோ அக்கா, இது தப்பா வந்தது. மாதிரி அட்டையை மறுபக்கமா வெச்சு கோடு போட்டுட்டேன். பாதி செதுக்கின பிறகுதான் தெரிஞ்சது. நல்ல மரம், வீணாகப் போகக் கூடாதேன்னு முடிச்சேன்.” ‘விற்பனைக்கு அல்ல’ அட்டையைப் பார்த்தார். “இதை ஏன் விற்பனைக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்க? வேணும்னா எடுத்துக்குங்கக்கா. அரை விலைக்குத் தரேன்.”

ரோஸ்லின் அக்கா பாட்டின் நடுவில் மூச்சு வாங்கியே நான் கண்டதில்லை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினார். குவே மேசையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கை நின்றது. மேசையோரம் நின்ற ஜெனி கைப்பேசிக்குள் குனிந்துகொண்டாள்.

சிரித்தேன். சிரிப்புதான் முதலில் வந்தது, அதுவும் சத்தமாக. “இவர் இப்படித்தான்கா, வெட்கப்படுவார்,” என்றேன்.

“வெட்கம் என்ன, நெஜமாத்தான்,” என்றார் இவர். உண்மை பேசுவதில் என் கணவருக்கு இணையே கிடையாது. “வலது கைக்காரங்களுக்கு இது சுத்தமா உதவாதுக்கா. நீங்க அதோ அதை எடுங்க.”

ரோஸ்லின் அக்கா அதை எடுத்தார். இன்னொன்றும் எடுத்தார். முழு விலை கொடுத்தார். எங்கள் பங்கில் துக்க வீட்டுக்குப் போனால் உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் அதே முகத்தோடு கொடுத்தார்.

அவர் நகர்ந்ததும், பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் முன்னால் வந்தார். தயங்கித் தயங்கி அந்த அகப்பையை எடுத்தார். இடது கையால். காற்றில் ஒரு வீச்சு கிண்டிப் பார்த்தார். முகம் மாறியது. “தம்பி, அரை விலைன்னீங்களே…”

“தாராளமா எடுத்துக்குங்க அங்கிள்!”

நான் மேசையைச் சுற்றிப் போய் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டேன். பிடுங்கிக்கொண்டேன் என்று ஜெனி சொல்கிறாள். “மன்னிச்சிருங்க அங்கிள். போர்டைப் பாருங்க,” என்றேன்.

அந்தப் பெரியவருக்கு இவர் பிறகு ஒன்று செய்து கொடுத்துவிட்டார். மாதிரி அட்டையை வேண்டுமென்றே மறுபக்கமாக வைத்து.

“யாரு? எப்பலேர்ந்து?”

ரயிலில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவர் எதிரில் உட்கார்ந்து, நல்ல வியாபாரம் என்று மகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக்குப் போய்ப் படுத்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. கூடத்தில் பேசுவது கேட்டது.

“அம்மாவுக்கு என்ன, தலைவலியா?”

“ப்பா, சீரியஸ்லி? நீங்க அம்மாவுக்காக அதைச் செஞ்சீங்கன்னு அவங்க நெனச்சிட்டாங்க.”

“எதுக்கு அம்மாவுக்கு இடது கைக் கரண்டி?”

“பிகாஸ் ஷி இஸ் லெஃப்ட்-ஹேண்டட், ப்பா!”

ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது.

“யாரு? அம்மாவா? எப்பலேர்ந்து?”

“பொறந்ததுலேர்ந்து!”

“சாப்பிடுறது எழுதுறதெல்லாம் வலது கையிலதானே?”

“கிச்சனுக்குள்ள போய் ஒரு நாள் பாருங்கப்பா.”

தலையணையை வாயில் வைத்துக்கொண்டேன். அழவா சிரிக்கவா என்று உடம்பு ஒரு முடிவுக்கு வருவதற்குள் தூங்கிப்போனேன்.

மறுநாள் மாலை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். குளிர்சாதனப் பெட்டி திறக்கப்படவில்லை.

“தண்ணி வேணுமா?”

“இல்ல.”

“பின்ன?”

“ஒண்ணுமில்ல. நீ செய்.”

நின்றார். கத்தி பிடித்திருந்த கையையே பார்த்தார். அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க. நான் தாளித்தால் நின்றார், தேங்காய் துருவினால் நின்றார். மனைவியைக் கவனிக்காத கணவரைப் பற்றிப் புகார் சொல்லும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: கவனிக்க ஆரம்பித்தால் இடம் போதாது. எங்கள் அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மிக்சியை வெளியே வைக்க வேண்டும்.

ஒரு நாள் தையல் நாடாவோடு வந்தார். “கையை நீட்டு.”

உள்ளங்கை அகலம், விரல் நீளம், மணிக்கட்டுச் சுற்றளவு எல்லாம் அளந்தார். நாடாவைப் பிடித்த விரல்கள் காய்ப்பேறிச் சொரசொரப்பாக இருந்தன. அலுவலகக் கோப்புகளைப் புரட்டிப் புரட்டியே மழமழவென்று இருந்த கை அது. எப்போது மாறியது என்று எனக்கும் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் நான் நியாயமானவளாக இருக்க விரும்பவில்லை.

அளந்து முடித்தும் கையை விடவில்லை. “எந்தப் பெட்டி எந்தக் கப்பல்ல, எத்தனாவது அடுக்குல இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் மெர்சி,” என்றார். “இது தெரியலையே.”

குக்கர் விசில் அடித்தது. போய் அணைத்தேன்.

சேங்கால் மரம்

அவரிடம் ஒரு துண்டு சேங்கால் இருந்தது. மலேசியாவில் பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த உத்தரம் என்று உட்லண்ட்ஸ் நண்பர் கொடுத்தது. கல் மாதிரி மரம். எதற்கோ என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதில் செய்தார் எனக்கான அகப்பையை. உளி இரண்டு தடவை முனை மழுங்கியது. முடித்து, எண்ணெய் தேய்த்து, கைப்பிடியில் ‘மெ’ என்று சூட்டுக்கோலால் எழுதி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அழகு என்றால் அப்படியோர் அழகு. சாய்வு துல்லியம். குழிவு கண்ணாடி. இந்த முறை சந்தேகத்துக்கே இடமில்லை: என் கையைப் பார்த்து, என் கையை அளந்து, எனக்கென்றே செய்தது.

தூக்கினேன். படகுத் துடுப்பு.

சட்டியில் போட்டு இரண்டு சுற்று சுற்றினேன். தோளிலிருந்து கழுத்துவரை இழுத்தது. தவறுதலாகச் செய்தது பறவை மாதிரி பறந்தது. அன்போடு செய்தது சட்டியின் அடியில் நங்கூரம் போட்டது.

இவர் பக்கத்திலேயே நின்றார். “எப்படி இருக்கு?”

நல்லா இருக்குங்க என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார். நானும் அவர் இல்லாதபோது பழையதை எடுத்துப் புழங்கியிருப்பேன். அந்த வித்தையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. என் பெயரே மெர்சி. ஆனாலும் அன்றைக்கு இரக்கப்பட எனக்கு மனம் வரவில்லை.

“கனமா இருக்குங்க,” என்றேன்.

முகம் லேசாகச் சுருங்கியது. அகப்பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “எங்க கனம்? கைப்பிடியிலயா, தலையிலயா?”

“தலையில.”

முக்காலிக்குப் போனார். இழைத்துக் கொண்டுவந்தார். “இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

இப்படி ஒவ்வொரு சாயங்காலமும் நடந்தது. நான் சமைப்பேன், இவர் அடுப்படிக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு செதுக்குவார். தலை இளைத்ததும் கைப்பிடி கனமாகத் தெரிந்தது. கைப்பிடியை இளைத்ததும் தலை பெரிதாகத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் ‘மெ’யின் கொம்பு போனது. சேங்கால் துடுப்பு அகப்பையாகி, அகப்பை கரண்டியாகி, கடைசியில் ஊறுகாய் ஜாடிக்குள் போகிற அளவுக்கு வந்து நின்றது. அந்த அளவில் எந்தக் கைக்கும் எதுவும் ஒன்றுதான்.

“முடிஞ்சுதா?” என்றேன்.

“இதுக்குமேல எடுத்தா பல்குத்தி.”

இரண்டு பேரும் சிரித்தோம். இவர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல இரண்டு குவளையில் தேநீர் ஊற்றினேன். அவருடையதில் மட்டும் சர்க்கரை போட்டுக் கலக்கினேன்.

இவர் என் குவளையைப் பார்த்தார்.

“உனக்குப் போடலையா?”

“நான் போடுறதில்லையே.”

“எப்பலேர்ந்து?”

“ஜெனி வயித்துல இருந்தப்ப சுகர் வந்துச்சே, அப்ப நிறுத்தினது.”

ஜெனி வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். கையிலிருந்த தூளைத் தட்டினார்.

“மெர்சி.”

“ம்.”

“வேற என்னல்லாம் எனக்குத் தெரியாது?”

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்தேன். கூடத்திலிருந்து எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, இடமில்லாத அந்த இடத்தில் அவருக்கு எதிரே போட்டேன்.

“சாப்பாடு லேட்டாகும், பரவாயில்லையா?” என்றேன்.